ஓட்டத்துக்கு முன்னால் கணக்கு

வேலூரை அடுத்த கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றும் பேர். தலைமுறை தலைமுறையாக ஜவான்களை அனுப்பிவரும் ஊர். இந்தப் பக்கத்துப் பையன்களுக்கு ராணுவம் என்றாலே விடியற்காலை ஓட்டம்தான் நினைவுக்கு வரும். அதிகாரியாகும் வாசல் வேறு பக்கம் இருக்கிறது.

கடக்வாஸ்லாவிலுள்ள தேசியப் பாதுகாப்பு அகாடமிக்கு யுபிஎஸ்சி ஆண்டுக்கு இருமுறை தேர்வு நடத்துகிறது. கணக்குக்கு 300 மதிப்பெண், பொதுத்திறனுக்கு 600. வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான். தமிழ்வழிப் பிள்ளைக்கு இது கூடுதல் சுமை, அநியாயமும்கூட. பிளஸ் ஒன்னில் எந்த குரூப் எடுத்தாலும் தரைப்படைப் பிரிவுக்கு விண்ணப்பிக்கலாம். கடற்படை, விமானப்படை என்றால் இயற்பியலும் வேதியியலும் கணிதமும் வேண்டும். ஆம்பூரில் தோல் ஷாப்பில் ஷிஃப்ட் பார்க்கும் அப்பாவிடம் இதைப் பத்தாம் வகுப்பிலேயே யார் சொல்கிறார்கள்?

எழுத்தில் தேறினால் எஸ்எஸ்பி எனும் படைப்பணித் தேர்வு வாரியத்தின் நேர்முகம், ஐந்து நாள், இன்னொரு 900 மதிப்பெண். திரையில் ஒரு சொல் வரும். பதினைந்து வினாடிக்குள் ஒரு வாக்கியம் எழுத வேண்டும். இப்படி அறுபது சொல். மனப்பாடம் அங்கே செல்லாது.

2022 முதல் பெண்களும் சேர்கிறார்கள். பயிற்சிச் செலவு அரசுடையது. ஜவானாகப் போனவருக்கும் வழி அடைபடுவதில்லை: பிளஸ் டூ முடித்து, சில ஆண்டு பணியாற்றியவர் டேராடூன் ராணுவ கேடட் கல்லூரி வழியாக அதிகாரியாகலாம்.