மண்வெட்டியும் முதற்சீலமும்

பஞ்சசீலம் ஏற்ற இல்லறத்தார் மண்ணைக் கொத்தலாமோ என்னும் வினா நம்மவரிடையே அடிக்கடி எழுகின்றது. மண்வெட்டி ஒருமுறை இறங்கினால் எத்தனை புழு, எத்தனை எறும்பு மடியும் என்று எவர் எண்ணவல்லார்? தமக்கென ஒரு காணி உழுபவர், வயிற்றுக்கு வேறு வழியில்லை என்றேனும் விடை கூறுவர். கூலி வேண்டாது, ஊருக்குப் பொதுவான தோட்டமொன்றில் தொண்டாகச் சென்று கொத்துபவர்க்கு அவ்விடையும் இல்லை. கட்டாயமில்லாத வேலை; அதில் உயிர்க்கேடு உண்டு; ஆகவே விலகி நிற்பதே அறம் என்பர் சிலர். இக்கூற்றை எளிதில் தள்ளிவிடுதல் ஆகாது.

அசுவகோசரின் புத்தசரிதத்தில் ஓரிடம் உண்டு. சித்தார்த்த குமாரர் நகர்ப்புறத்தே செல்லுங்கால், உழுத சாலிலே புழு பூச்சிகள் வெட்டுண்டு கிடப்பதையும், உழுவார் வெயிலில் வாடுவதையும், எருதுகள் தளர்வதையும் காண்கின்றார். குதிரையினின்றும் இறங்கி, நாவல் மரத்தடியில் அமர்ந்து சிந்திக்கின்றார். இவ்வாறு வருந்திய அவரே போதியடைந்த பின்னர் உழவை விலக்கினாரல்லர். உபாசகர் செய்யத்தகாத வாணிகம் என அவர் குறித்தவை ஐந்து: படைக்கலம், உயிர்கள், ஊன், கள், நஞ்சு. உழவு அவற்றுள் இல்லை. நஞ்சு உண்டு என்பதை மட்டும் நினைவிற் கொள்க. சோலை வைத்தலைப் புண்ணியமாகச் சங்யுத்த நிகாயம் கூறும். அசோகரும் தம் இரண்டாம் பாறைக் கல்வெட்டிலே, சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் நாடுகள் உட்பட எங்கும் மனிதர்க்கும் விலங்குகட்கும் உதவும் மூலிகைகளை நடுவித்ததாகப் பொறித்துள்ளார். நடுவதற்குக் குழி வேண்டும். குழி தோண்டினால் புழு சாகும். இதனை அவர்கள் அறியாதவரல்லர்.

வினையின் வேரை எண்ணத்தில் வைத்தது நம் தம்மம். அறியாது மிதிபட்ட எறும்பும் அறிந்து நசுக்கப்பட்ட எறும்பும் ஒன்றல்ல. ஆயினும் 'எண்ணமில்லை' என்னும் சொல்லை நாம் போர்வையாக்கிக் கொள்ளலாகாது. பிக்குகளின் வினயத்தைப் பாருங்கள். நிலத்தைத் தோண்டுதல் பிக்குவுக்குக் குற்றம். தோண்டச் செய்தலும் அதே குற்றம். தன் கையால் கொல்லுதலும் ஏவிக் கொல்வித்தலும் ஆகிய இரண்டும் கொலையே என உரையாசிரியர்களும் வகுத்தனர். மழைக்காலத் தங்கல் ஏற்பட்ட வரலாறும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. மாரிக்காலத்தில் பிக்குகள் ஊர் ஊராய் நடந்து, பசும்பயிரையும் சிற்றுயிர்களையும் மிதிக்கின்றனர் என்று மக்கள் குறை கூறவே, மூன்று மாதம் ஓரிடத்தில் தங்குமாறு பகவன் விதித்தார். ஒவ்வோர் அடியிலும் குனிந்து பார்த்து நடக்கச் சொன்னதோடு அவர் நின்றுவிடவில்லை. எந்தப் பருவத்தில் எது பெருகும் என அறிந்து, அதற்கேற்ப ஆண்டையே வகுத்துக்கொடுத்தார். பின்வருவனவற்றுக்கு இச்செய்தியே நமக்கு வழிகாட்டி.

இனித் திருவனந்தபுரத்து வலியசாலைக்கு வருவோம். அயல்மொழி சூழ்ந்த நகரில் தமிழ்க் குடும்பங்கள் நெடுங்காலமாய் வாழும் பகுதி அது. கிள்ளியாறு அருகே ஓடுகின்றது. சாலைக் கடைத்தெரு நடை தூரத்தில் உள்ளது. வீடுகள் நெருங்கியிருப்பதால் நிலம் அரிது. இத்தகைய இடத்தில்தான் பொதுத் தோட்டத்தின் அருமை விளங்கும். அங்குள்ள காந்தளூர்ச் சிவன் கோயில் பழைய காந்தளூர்ச் சாலையின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. சாலை என்பது அக்காலத்தில் மாணவர்க்கு உண்டியும் உறையுளும் கல்வியும் அளித்த நிலையம். காந்தளூரை முன்மாதிரியாகக் கொண்டு ஆய் மன்னன் கருநந்தடக்கன் 866-இல் பார்த்திவசேகரபுரத்தில் நிறுவிய சாலையில் 95 பேர்க்கு இடம் இருந்தது. அவர் இன்னார்தாம் என வரையறையும் இருந்தது. பொதுத் தோட்டத்துக்கு அவ்வரையறை இல்லை. மண்ணில் வியர்வை சிந்தியவர் எவராயினும் கீரைக்கு உரியவர்.

கேரளத்தில் கூட்டாகப் பயிரிடுதல் புதியதன்று. 1998 மே 17-ஆம் நாள் மலப்புறத்தில் தொடங்கப்பெற்ற குடும்பசிரீ இயக்கத்தின் மகளிர், நான்கு முதல் பத்துப் பேர் கொண்ட குழுக்களாய்க் குத்தகை நிலத்தில் நெல்லும் காய்கறியும் விளைவிக்கின்றனர். அவர்க்கு அது பிழைப்பு. ஆகவே பருவம் தவறாது வருவர். தொண்டர்களின் நிலை வேறு. ஓணத்தை முன்னிட்டு வேளாண்மைத் துறை விதையும் நாற்றும் வழங்கும் நாளில் தோட்டத்தில் கூட்டம் நிரம்பும். வைகாசி நடுவில், அங்குள்ளோர் இடவப்பாதி என்று சொல்லும் மழை இறங்கும். வெண்டையும் பயறும் தழைக்கும். திருவாதிரை ஞாற்றுவேலையில் குச்சியை ஒடித்து நட்டாலும் வேர்விடும். அப்பொழுதும் ஆள் உண்டு. ஆடி மாதத்து அடைமழையில் பாதிப்பேர் வாரார். செங்கீரையின் இலையில் வெள்ளைப் புள்ளி விழுந்து கருகுவதும் அப்பொழுதே. ஆவணியில் அறுவடை, எல்லாரும் வருவர். ஐப்பசியில் இடியோடு துலாமழை. தை கடந்தால் மண் இறுகும். மாசி பங்குனியில் சேனைக்குக் குழி எடுக்கவும், சித்திரை விஷுவுக்கான வெள்ளரிக்கு நீர் சுமக்கவும் இரண்டு மூன்று பேர் வந்தாலே பெரிது. தொண்டின் இயல்பே இதுதான் போலும். பசுமை உள்ள நாளில் பெருகும், புழுதி உள்ள நாளில் சுருங்கும்.

நம் வினாவைக் கூர்மையாக்கும் உயிர் ஒன்று உண்டு. கிழக்கு ஆப்பிரிக்காவுக்குரிய பெருநத்தை 1847-இல் ஆங்கிலேயர் ஒருவரால் கல்கத்தாவுக்குக் கொண்டுவரப்பட்டது. கேரளத்தில் 1950-களில் பாலக்காட்டுப் பக்கம் காணப்பட்டது. இந்த நூற்றாண்டில் பல மாவட்டங்களிலும் பெருகியுள்ளது. ஐந்நூற்றுக்கு மேற்பட்ட செடிவகைகளை உண்ணும். ஒரு தடவைக்கு நூற்றுக்கு மேலும் முட்டையிடும். மழை இரவில் வெளிவந்து, விடியுமுன் ஒரு பாத்தி நாற்றைத் தின்று தீர்க்கும். இதற்கு நாட்டில் வழங்கும் மருந்து உப்பு. ஈரச்சாக்கில் முட்டைக்கோசு, பப்பாளி இலைகளை இட்டுக் கவர்ந்து, திரண்டவற்றை உப்புநீரில் கொட்டுகின்றனர். நுரை தள்ளி, நெடுநேரம் துடித்துச் சாகும் அக்காட்சியை ஒருமுறை பார்த்தவர் சீலத்தை ஓதும்போது தடுமாறுவர்.

ஆற்றில் எறிந்துவிடலாமே என்பர் சிலர். கிள்ளியாற்றில் எறிந்தால் அது அடுத்த ஊராரின் தோட்டத்தில் கரையேறும். கூலியாளை அழைத்துப் பொறுக்கச் செய்யலாமே என்பர் வேறு சிலர். இதற்கு நாம் உடன்படோம். செத்த மாட்டை அகற்றவும், தோல் உரிக்கவும், சாக்கடையில் இறங்கவும் ஒரு சாராரை ஏவிவிட்டு, ஏவியவர் தம்மைத் தூயர் எனவும் செய்தவரைத் தீட்டினர் எனவும் சொல்லிவந்த நாடு இது. அந்தத் தூய்மையை மறுத்தே அயோத்திதாசப் பண்டிதர் 1898-இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் கண்டார். 1956 அக்டோபர் 14-இல் நாகபுரியில் டாக்டர் அம்பேத்கருடன் இலட்சக்கணக்கானோர் தீட்சை பெற்றனர். அவ்வழி வந்த நாம், உப்பைப் பிறர் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்போமாயின், விட்டுவந்த வழக்கத்தை வேலிப்புறமாக மறுபடி அழைத்து வருகின்றோம். தோட்டமே வேண்டாம், கடைத்தெருவில் வாங்கிக்கொள்வோம் என்பாருக்கும் இதுவே விடை. கடையில் வாங்கிய காய்க்காக எவர் எந்த நஞ்சைத் தெளித்தார் என்பதை நாம் காண்பதில்லை, அவ்வளவே வேற்றுமை. காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களில் 2000-ஆம் ஆண்டு வரை ஹெலிகாப்டரிலிருந்து எண்டோசல்பான் தெளிக்கப்பட்டது. அதைச் சூழ்ந்த ஊர்களில் மக்கள் உற்ற நோயும் ஊனமும் நாடறிந்தவை. உச்சநீதிமன்றம் 2011 மே 13-இல்தான் அம்மருந்துக்கு நாடெங்கும் தடை விதித்தது. அம்முந்திரியைச் சுவைத்தவர் எவரும் கொலைக்கு ஏவியதாக எண்ணியிரார்.

ஆகவே இறங்கித்தான் ஆகவேண்டும். எப்பொழுது இறங்குவது என்பதே கேள்வி. ஆடியில் உப்புப் பையோடு நிற்பவருக்கு நல்ல வழி ஒன்றும் மிஞ்சியிருப்பதில்லை. வறண்ட மாதங்களில் பெருநத்தை ஓட்டின் வாயைச் சவ்வால் அடைத்துக்கொண்டு, மட்கிய குப்பையிலும், உடைந்த ஓட்டுக் குவியலிலும், மதிற்சந்துகளிலும் உறங்குகின்றது. மாசி பங்குனியில் அக்குவியல்களை அகற்றி, சந்துகளை அடைத்து, வெளியிலிருந்து வரும் தொட்டி மண்ணை உதிர்த்து முட்டை உண்டோ எனப் பார்த்து ஏற்றுக்கொண்டால், மழை வரும்போது பெருக இடமிராது. அவ்வேளையிலும் சில நத்தைகள் அகப்படும் என்பதை மறைக்க வேண்டுவதில்லை. அவற்றின் முடிவும் கொலையே. அதற்கு வேறு பெயர் சூட்டிப் புண்ணியக் கணக்கில் எழுதுவது நமக்கு உடன்பாடன்று. எனினும் மாசியில் அகப்படும் ஒன்று, ஆடியில் நூறாகும் ஒன்று. கொலையின் கனம் கொல்வோனது முயற்சியின் அளவையும் உள்ளத்து மாசின் அளவையும் பொறுத்தது என்று புத்தகோசர் வழிவந்த உரை கூறும். உப்பில் துடிக்கவிடாது நொடியில் முடிப்பதும், அதனைத் தோட்டத்தார் முறைவைத்துத் தம் கையாலேயே செய்வதும், எண்ணிக்கையைக் குறிப்பேட்டில் எழுதிவைப்பதும் தகும். எழுதிவைத்த எண் அடுத்த மாசியில் ஆள் திரட்ட உதவும்.

பொதுத் தோட்டத்தில் சேர விரும்பும் நண்பர்களிடம் நாம் முதலில் கேட்க வேண்டுவது, மழைக்கு முந்திய எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் வரக்கூடும் என்பதே. ஓணத்துக்கு வருவதாகச் சொல்வோர் தாமே வருவர். அவரை அழைக்க வேண்டா. சிறுவரை அழைத்து வருவோர் ஒன்று கருதுக: இந்நத்தை சுமக்கும் ஒரு நுண்புழு, மூளையைச் சூழ்ந்த சவ்வில் அழற்சி உண்டாக்க வல்லது. ஆதலின் வெறுங்கையால் அதனைத் தொடவிடலாகாது. கையுறை வேண்டும், கீரையைப் பலமுறை கழுவிச் சமைத்தே உண்ணவும் வேண்டும். குப்பைக் குவியலைக் கிளறும் பணியைப் பெரியோர் ஏற்றுக்கொண்டு, குழந்தைகளிடம் வெள்ளரிக்கு நீர் வார்க்கும் குடத்தைக் கொடுக்கலாம்.