டயானாவின் காதல் யாருடைய விருப்பம்?

அமெரிக்கச் சித்திரக்கதைகளில் வரும் வீரப் பெண்களுள் முதலிடம் பெற்றவள் 'வொண்டர் உமன்' எனப்படும் டயானா. உளவியலாளர் வில்லியம் மோல்டன் மார்ஸ்டன் படைக்க, 1941ஆம் ஆண்டு இறுதியில் அச்சேறியவள். பெண்கள் மட்டுமே வாழும் தீவின் அரசிக்கு மகள். விமானம் நொறுங்கி அங்கே ஒதுங்கிய ஸ்டீவ் ட்ரெவர் என்னும் படைவீரனை அவன் நாட்டில் சேர்க்கவே அவள் புறப்படுகிறாள். ஆகவே காதல் அவள் கதையில் பின்னர் ஒட்டப்பட்டதன்று. ஆனால் அத்தொடக்கக் கதைகளில் காப்பவள் அவள், காக்கப்படுபவன் அவன். (வீரர் கழகத்தில் 1942இல் அவளுக்குச் செயலர் வேலை கொடுத்தார்கள் என்பது வேறு வேடிக்கை!)

மார்ஸ்டன் 1947இல் மறைந்தார். அதன்பின் நிலைமை மாறிற்று. 1949இல் வெளிவந்த ஓர் இதழின் அட்டையில், ஸ்டீவ் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடையைக் கடக்கிறான். எதிரிகளைத் தூக்கி வீசுபவளுக்கு ஓடை தாண்டத் துணை வேண்டுமா? 1968இல் இன்னும் மோசம். குற்றம் சாட்டப்பட்ட ஸ்டீவுக்கு உதவும்பொருட்டு அவள் தன் ஆற்றல்கள் அனைத்தையும் துறக்கிறாள். அடுத்த இதழிலேயே ஸ்டீவ் கொல்லப்படுகிறான். இழந்த ஆற்றல் திரும்பியதோ 1973இல்தான்.

பிறர்பொருட்டுத் தன்னை இழப்பது பலவீனமாகுமா? ஆகாது. அதை மனித மாண்பின் உச்சம் என்றே போற்றுகிறோம். ஆனால் ஈகை என்றால் ஈபவர் ஒருவர் இருந்தாக வேண்டும். வேறு வழியே வைக்காமல் பறித்துக்கொண்டு, பிறகு அதற்குத் தியாகம் என்று பெயரிடுவது முறையன்று. சூப்பர்மேனும் 1980இல் வந்த திரைப்படத்தில் காதலுக்காக ஆற்றலைத் துறந்தான் என்று சிலர் நினைவூட்டலாம். உண்மைதான்; ஆனால் அவனுக்கு அது அதே படத்திலேயே மீண்டும் கிடைத்துவிட்டது.

கற்பனைப் பாத்திரத்துக்கு ஏது சுதந்திரம், எல்லாம் எழுத்தாளர் இடும் கட்டளைதானே என்பது வலுவான மறுப்பு. எனினும், நன்கு உருவான பாத்திரத்துக்குத் தனக்கென ஓர் இயல்பு அமைந்துவிடுகிறது. அவ்வியல்பிலிருந்து பிறக்கும் காதலையும் வெளியிலிருந்து சூட்டப்படும் காதலையும் வாசகன் எளிதில் பிரித்தறிவான். 2012இல் டயானாவைச் சூப்பர்மேனுக்கு இணையாக்கினார்கள். இருவரும் தனிமையில் வாடுவோர் என்று காரணம் கூறப்பட்டது. மறு ஆண்டே இருவர் பெயரிலும் தனி இதழ் வந்தது. மனிதரிடையே அவள் எதற்காக வந்தாள் என்னும் வினா அங்கே பின்னுக்குப் போயிற்று என்பதே என் எண்ணம். 1987இல் அவளுடைய கதையைப் புதிதாகத் தொடங்கிய ஜார்ஜ் பெரஸ் இச்சிக்கலை எளிதாகத் தீர்த்திருந்தார்: ஸ்டீவை வயதில் மூத்த நண்பனாக்கி, வேறொருத்தியைக் காதலிக்க வைத்தார்.

2020இல் வந்த திரைப்படம் இதனினும் நேர்மையானது. அதில் டயானாவின் வேண்டுதலால் இறந்த ஸ்டீவ் மீண்டு வருகிறான். அவளது ஆற்றலோ தேய்கிறது. இரண்டில் எது வேண்டும் என்பதை அவளே எடைபோட்டு, அழுதபடி அவனைக் கைவிடுகிறாள். இங்கே துறப்பு அவளுடையது. ஆனால் ஸ்டீவ் திரும்பி வந்தது வேறொரு மனிதனின் உடலில். அம்மனிதனுக்கு இதில் சம்மதமா என்று அப்படத்தில் எவரும் கேட்கவேயில்லை.