நான்கறிவுயிரின் பாட்டு

அறிவியல் முதுகலை பயிலும் உறவினர் வீட்டுப் பெண்ணொருத்தி, விடுமுறைக்கு ஊர் வந்திருந்தபோது என்னிடம் இரண்டு வினாக்களை எழுப்பினாள். "தாத்தா, எங்கள் ஆய்வுக்கூடத்தில் பழ ஈக்களை வளர்க்கிறோம். வேலை முடிந்ததும் அவற்றை ஆல்கஹால் ஊற்றிய புட்டியில் போட்டுவிட வேண்டும். அந்தப் புட்டிக்குப் பிணவறை என்றே அங்கே பெயர். நான் இந்தப் படிப்பைத் தொடரலாமா?" என்பது முதல் வினா. "ஈ நான்கறிவுயிர், அதற்குச் செவிப்புலன் இல்லை என்று சிறுவயதில் எனக்குக் கற்றுத் தந்தீர்கள். ஆண் ஈ பாடுகிறது, பெண் ஈ கேட்கிறது என்று எங்கள் பாடநூல் சொல்கிறதே?" என்பது இரண்டாவது.

முதல் வினா ஒழுக்கத்தைப் பற்றியது. இரண்டாவது அறிவைப் பற்றியது. அன்று என்னால் உடனே விடை கூற இயலவில்லை. அவள் தந்த கட்டுரைகளைப் படித்தும், நம் நூல்களை மீண்டும் புரட்டியும் நான் எண்ணியவற்றை வாசகர்கள் முன் வைக்கிறேன்.

நம் வீட்டில் கனிந்த வாழைப்பழத்தைச் சுற்றி வரும் சிறு ஈயின் இனத்தையே உலகெங்கும் மரபியலார் ஆராய்கின்றனர். அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஹன்ட் மார்கன் 1910-ல் வெள்ளைக் கண்ணுடைய ஈ ஒன்றைக் கண்டதிலிருந்து இவ்வாராய்ச்சி பெருகியது. 1933-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஈயின் மரபணுத் தொகுதி முழுவதும் 2000-ஆம் ஆண்டில் படித்து வெளியிடப்பட்டது. மனிதருக்கு நோய் விளைப்பனவாக அறியப்பட்ட மரபணுக்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கிற்கு ஈயினிடத்தில் இணை உண்டு என்பர்.

இவ்வினத்திற்கு உறவான மற்றோர் ஈ, ட்ரோசோஃபிலா மொன்டானா என்பது. பின்லாந்து, கனடா போன்ற வடபுலக் காடுகளிலும், அமெரிக்காவின் கொலராடோ மலைகளிலும் வாழ்வது. கோடையின் பிற்பகுதியில் பிறக்கும் பெண் ஈக்கள் அவ்வாண்டில் முட்டை வளர்ப்பதில்லை. பகற்பொழுது சுருங்குவதை உணர்ந்து, இனப்பெருக்கத்தை நிறுத்தி, நெடுங்குளிரை ஒடுக்கத்திலேயே கழிக்கின்றன. அக்காலத்தில் அவற்றின் உடலில் மையோ-இனோசிடால் என்னும் பொருள் மிகுதியாகச் சேர்கிறது. குளிரைத் தாங்கும் இத்திறம் ஒரே மரபணுவின் செயலன்று. பல மரபணுக்கள் சிறிது சிறிதாகப் பங்களிப்பதால் அமைவது. மொன்டானா ஈக்களின் மரபணுத் தொகுதியை ஆராய்ந்து 2018-ல் வெளிவந்த கட்டுரையும் குளிருக்கு இசைந்த மாற்றங்களின் தடயங்களை எடுத்துக்காட்டியது.

வசந்தம் வந்ததும் காதல் தொடங்குகிறது. ஆண் ஈ பெண்ணை அணுகி, தொட்டு, இறகை அதிரச் செய்து பாடுகிறது. பாட்டைக் கேட்ட பெண் இசைந்தால் தன் இறகுகளை விரித்துக் காட்டுகிறது, பாட்டில்லையேல் இசைவதில்லை. எல்லாப் பாட்டும் அதற்கு ஒன்றன்று. அதிர்வெண் மிகுந்த பாட்டையே பெரிதும் விரும்புகிறது. பின்லாந்து ஈயின் பாட்டும் கொலராடோ ஈயின் பாட்டும் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒருவகையில் ஊருக்கு ஊர் பேச்சு வேறுபடுவது போலத்தான்.

இனி நம் நூல்களைக் காண்போம். உமாஸ்வாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தின் இரண்டாம் அத்தியாயத்தில் புழு, எறும்பு, வண்டு, மனிதர் என்ற வரிசையில் ஒவ்வொரு பொறி மிகுவதாக வகுத்தார். ஈ வண்டின் வகுப்பில் அடங்கும். மெய், வாய், மூக்கு, கண் ஆகிய நான்கே அதற்கு, செவி இல்லை. அதே அத்தியாயத்தில் நரகரும் சம்மூர்ச்சனமாய்ப் பிறக்கும் உயிர்களும் நபும்சகர் என்று கூறப்படுகிறது. நான்கறிவுயிர்களும் சம்மூர்ச்சனப் பிறப்பின என்பதால், அவற்றில் ஆண், பெண் என்ற பேதம் இல்லை என்றாகிறது. எனவே அப்பெண்ணின் வினா செவியோடு முடிவதன்று. பாடும் ஆணும் கேட்கும் பெண்ணும் என இரண்டிடத்தில் நாம் இடறுகிறோம்.

இவ்விடத்தில் எளிய வழிகள் மூன்று உள. ஈ கேட்பதில்லை, காற்றின் அசைவைத் தொட்டுணர்கிறது, அது மெய்யறிவே என்று சொல்லிவிடுதல் ஒரு வழி. இதில் ஓரளவு பொருளும் உண்டு. ஈக்குச் செவிப்பறை இல்லை. உணர்கொம்பில் உள்ள இறகு போன்ற உறுப்பு காற்றில் அசைகிறது. அவ்வசைவை ஏறத்தாழ 500 நரம்பணுக்கள் உணர்கின்றன. ஆயினும் நம் உட்செவியிலும் நுண்மயிர்கள் அசைவதாலேயே ஒலி புலனாகிறது. ஈயின் அவ்வுறுப்பு உருவாக ஏடோனல் என்னும் மரபணு தேவை. அதன் இணையான மரபணு இன்றேல் எலியின் உட்செவியில் மயிரணுக்கள் தோன்றுவதில்லை. நம்முடையதைச் செவி என்றும் அதனுடையதைத் தோல் என்றும் பிரித்தல் வழக்கறிஞர் வாதமாகுமேயன்றி மெய்யறிவாகாது.

ஆகமம் பொய் என்று கைவிடுதல் இரண்டாவது வழி. அனேகாந்தம் என்ற சொல்லைச் சொல்லி வினாவையே மூடிவிடுதல் மூன்றாவது. அனேகாந்தம் பல கோணங்களையும் கண்டு ஆராயச் சொல்கிறதே தவிர, ஆராய்ச்சியிலிருந்து தப்பிக்கச் சொல்லவில்லை.

என் சிற்றறிவுக்குப் படுவது இது. பொறிகளை எண்ணிய நம் ஆசாரியர்களின் நோக்கம் பூச்சிகளைப் பட்டியலிடுவதன்று; எங்கெங்கு உயிர் உண்டு, எங்கெங்கு நாம் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும் என்று காட்டுவதே. இல்லறத்தாரின் அகிம்சை அணுவிரதம் ஈரறிவுயிர் முதல் எல்லாத் திரச உயிர்களையும் காக்கிறது. ஈக்குப் பொறி நான்காயினும் ஐந்தாயினும் விரதம் மாறவில்லை. மாறுவது ஒன்றே. கெடுக்கப்படும் பிராணங்கள் மிகுந்தால் இம்சையும் மிகும் என்பது நம் கொள்கை. நான்கறிவுயிர்க்கு எட்டுப் பிராணங்கள். அவற்றுள் வசன பலமும் ஒன்று. ஒலிக்கும் ஆற்றல் அதற்கு உண்டென்பதை நம்மவர் அன்றே ஒப்புக்கொண்டனர். அவ்வொலியைக் கேட்க மற்றோர் ஈயும் உண்டென இன்றைய அறிவியல் சேர்க்கிறது. இது தயையைக் குறைக்கும் செய்தியன்று, கூட்டும் செய்தி. எண்ணிக்கையில் நாம் தவறியிருந்தால், ஈக்கு உரியதைக் குறைத்து மதித்ததே அத்தவறு. கற்ற பெரியோர் இதில் வேறு கருத்துக் கொள்ளலாம். கொண்டால் எழுதித் திருத்த வேண்டுகிறேன்.

காதலும் மரபணுவின் கட்டளைதானே, கட்டளைப்படி இயங்கும் பொறிக்கு இரக்கம் எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். குல்பீர் கில் என்னும் இந்திய அறிவியலாளர், ஆண் ஈக்களின் காதல் நடத்தையையே மாற்றும் மரபணுத் திரிபு ஒன்றை 1963-ல் விவரித்தார். அம்மரபணுவின் ஆண் வடிவம் அமைக்கப்பட்ட பெண் ஈக்கள் பிற பெண்களிடம் காதல் நடத்தை காட்டியதை வியன்னாவில் 2005-ல் கண்டனர். உண்மையே. ஆனால் ஆகாரம், பயம், மைதுனம், பரிக்கிரகம் என்னும் நான்கு சஞ்ஞைகளும் எல்லாச் சம்சாரி உயிர்களுக்கும் பொது என்று நாம் முன்பே கற்றிருக்கிறோம். அவை நம்மையும்தான் இழுக்கின்றன. இழுக்கப்படுவதால் ஓர் உயிர் உயிரல்லாமல் போவதில்லை. முனிவர் தாங்கும் பரீஷகங்கள் இருபத்திரண்டில் சீதமும் ஒன்று. முனிவர் அதை அறிந்து தாங்குகிறார்; ஈ அறியாமல் தாங்குகிறது. அறியாமல் தாங்குவதிலும் அகாம நிர்ஜரை உண்டென்ற நம் கொள்கை, பனிக்கடியில் ஒடுங்கிக் கிடக்கும் அச்சிற்றுயிரையும் வீட்டுநெறியின் நெடும்பயணத்தில் ஒரு பயணியாகவே பார்க்கிறது.

இனி முதல் வினா. இல்லறத்தார்க்குரிய இம்சையை ஆரம்பம், உத்தியோகம், விரோதம், சங்கற்பம் என நான்காக வகுப்பர். முதல் மூன்றும் முற்றும் தவிர்க்க இயலாதவை. சங்கற்ப இம்சை விலக்கப்பட்டது. ஆய்வுக்கூடத்துச் சாவு உத்தியோக இம்சையா? உழவனின் ஏர் புழுவைக் கொல்கிறது. அவன் புழுவைத் தேடி உழவில்லை. பிணவறைப் புட்டியோ ஈக்கென்றே வைத்தது. எண்ணிச் செய்யும் கொலையை உத்தியோகம் என்று பெயர் மாற்றி அவளுக்கு ஆறுதல் சொல்ல என் மனம் ஒப்பவில்லை.

அவளை மட்டும் குற்றவாளியாக்கவும் ஒப்பவில்லை. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் மூன்றும் இம்சையே என்கிறோம். உடலின் இரவு பகல் கடிகாரம் பற்றிய அறிவுக்கு 2017-ல் நோபல் பரிசு கிடைத்தது. அதுவும் இந்த ஈயிடம் கற்றது. நம் வீட்டு முதியோரைக் காக்கும் மருத்துவ அறிவில் இத்தகைய உயிர்களின் கடன் கலந்திருக்கிறது. பயனை நாம் பெற்றுக்கொண்டு பாவத்தைப் பிள்ளைகளிடம் விட்டுவிடுவது அறமாகாது. மேலும் ஒரு முரண்பாடு: நம்மைப் போன்றது என்பதால் ஈயை ஆராய்கிறோம், நம்மைப் போன்றதன்று என்பதால் கொல்கிறோம். பிரிட்டனின் 1986-ஆம் ஆண்டு ஆய்வு விலங்குச் சட்டம் முதுகெலும்புள்ளவற்றையும் கணவாய், எண்காலி இனத்தையும் காக்கிறது. ஈ அதற்குள் இல்லை. அரசின் சட்டம் நின்றுவிடும் இடத்திலும் விரதம் நிற்பதில்லை.

அவளிடம் நான் சொன்னது இதுவே. உன் துறைக்குள்ளேயே வழிகள் வேறுபடுகின்றன. குளிரைத் தாங்கும் திறத்தை அறிய, எத்தனை ஈக்கள் செத்தன என்று எண்ணும் சோதனையும் உண்டு. குளிரில் மயங்கிய ஈ மீண்டும் எழுந்து நிற்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்க்கும் சோதனையும் உண்டு. பாட்டை ஒலிவாங்கியால் பதிவு செய்யலாம். முன்னரே படித்து வெளியிடப்பட்ட மரபணுத் தொகுதிகளைக் கணினியில் ஆராயலாம். உயிர் குறைவாகப் போகும் வினாவைத் தேர்ந்துகொள். தேர்ந்த பின்னும் எஞ்சும் இம்சையை இம்சை என்றே ஏற்று, அன்றன்று பிரதிக்கிரமணம் செய். அதற்கு வேறு பெயர் சூட்டாதே.

சில மாதங்களுக்குப் பின் கடிதம் வந்தது. காதற்பாட்டைப் பதிவு செய்யும் பணியைக் கேட்டுப் பெற்றிருந்தாள். பதிவு முடிந்த ஈக்களை என்ன செய்வது என்ற சிக்கல் தீரவில்லையாம். "புட்டியை உதவியாளரிடம் கொடுத்துவிடு என்கிறார்கள், தாத்தா. கொடுத்தால் அது செய்வித்தல் அல்லவா? அதனால் இயன்றவரை அவை தாமே ஆயுள் முடியும் வரை தனிக் குப்பிகளில் வைத்து உணவு மாற்றி வருகிறேன். இடம் போதவில்லை. எத்தனை நாள் முடியுமோ தெரியவில்லை" என்று எழுதியிருந்தாள்.

நான் கற்றுத் தந்ததைக் காட்டிலும் அவள் கற்றுக்கொண்டது மிகுதி.