வாசல் நிலையும் அயலார் வனமும்

வலிகாமத்துச் செம்மண் பரப்பில் அமைந்த உடுவிலில் காடு என்று சொல்லத்தக்கது எதுவுமில்லை. பனையும் வேம்பும் பலாவுமே அங்கு வாழ்வோர் கண்ணாற் கண்டு வளர்த்த மரச்செல்வம். ஆயினும் வாசலுக்கு நிலை வைக்கும் வேளை வந்தால், வசதி படைத்தோர் மனம் தேக்கையே நாடுகிறது. ‘பர்மாத் தேக்கு’ என்பது தமிழரிடையே நெடுங்காலமாகத் தரத்தின் மறுபெயராக வழங்கி வந்துள்ளது. செட்டிநாட்டு மாளிகைகளின் தூண்களும் கதவுகளும் இதற்குச் சான்று. காடில்லாத ஊரார் கடல் கடந்த காட்டை விலைக்கு வாங்கலாம். விலையைக் கொடுத்துவிட்டதனால் மட்டும் அவர்தம் கடமை தீர்ந்துவிடுகிறதா என்பதே நாம் இங்கு ஆராயப் புகும் வினா.

மரக்காலையில் நாம் கொடுக்கும் பணத்தில் வெட்டுக்கூலி உண்டு, கப்பற்கூலி உண்டு, தீர்வையும் வணிகரின் இலாபமும் உண்டு. தலைமுறைகள் பல கண்டு முதிர்ந்த மரத்துக்கும், அதனடியில் வாழ்ந்த மாந்தருக்கும் அக்கணக்கில் இடமில்லை. பண்டம் சந்தையை அடைந்ததும் அதன் பிறப்பு மறைந்துபோகிறது. இளம் மார்க்ஸ் 1842இல் ரைன் மாகாணத்து விறகுத் திருட்டுச் சட்டத்தைக் கண்டித்து எழுதினார். ஏழை உழவர் வழிவழியாகப் பொறுக்கி வந்த சுள்ளியை அச்சட்டம் களவுப் பொருளாக்கியது. காடு தனியுடைமையானவுடன் காட்டை நம்பி வாழ்ந்தவன் கள்வனாகிவிடுகிறான் என்ற உண்மை அன்றே வெளிப்பட்டது.

பர்மாவின் வரலாறு இதனை மேலும் தெளிவாக்குகிறது. 1852ஆம் ஆண்டுப் போரில் பெகுவைக் கைப்பற்றிய ஆங்கிலேயர், அங்குள்ள தேக்கைத் தமது அரசின் உடைமையாக்கினர். 1856இல் அக்காடுகளின் பொறுப்பை ஏற்ற ஜெர்மானிய அறிஞர் பிராண்டிஸ், கரேன் மக்களின் ‘டாங்யா’ என்னும் காட்டு வேளாண்மையைத் தேக்கு வளர்ப்புக்குப் பயன்படுத்தினார். மலைச்சரிவில் நெல் விதைத்தோர் பயிரிடையே தேக்கையும் நட்டனர். சில ஆண்டுகளில் மரநிழல் நிலத்தை மூடவே, அவர்கள் வேறிடம் பெயர்ந்தனர். நட்டவர் போயினர், மரம் அரசுக்குரியதாய் நின்றது.

மேல் பர்மாவில் நிகழ்ந்தது இதனினும் கொடிது. ஒப்பந்தத்துக்கு மிகுதியாக மரம் வெட்டியதாக பம்பாய் பர்மா வணிகக் கம்பெனிக்கு 1885இல் மண்டலேயின் மன்றம் பெருந்தொகையை அபராதமாக விதித்தது. பிரெஞ்சுக்காரர் முந்திவிடுவரோ என்ற அச்சத்திலிருந்த ஆங்கில ஆட்சிக்கு அதுவே போதிய சாக்காயிற்று. அவ்வாண்டு நவம்பரில் தீபா மன்னர் சிறைப்பட்டார். 1886 ஜனவரி முதல் நாள் அந்நாடு பிரித்தானியப் பேரரசுடன் இணைக்கப்பட்டது.

இவை ஏகாதிபத்திய காலத்துக் கதைகள், இன்று நிலைமை வேறு என்று சிலர் கூறக்கூடும். 1988 நவம்பரில் தென் தாய்லாந்தில் பெருவெள்ளம் வந்தது. வெட்டிப் போட்ட மரங்கள் மொட்டைக் குன்றுகளினின்றும் உருண்டு ஊர்களைப் புதைத்தன; நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். 1989 ஜனவரியில் அந்நாட்டு அரசு தன் காடுகளில் மரம் வெட்டுவதைத் தடைசெய்தது. நற்செயலே. ஆனால், அதற்கு முந்திய டிசம்பரிலேயே தாய்லாந்தின் இராணுவத் தளபதி இரங்கூன் சென்று வந்திருந்தார். சில மாதங்களுக்கு முன்னர்தான் தன் மக்களைச் சுட்டுக்கொன்ற பர்மிய இராணுவ ஆட்சி, தாய்லாந்துக் கம்பெனிகளுக்கு எல்லைக் காடுகளைத் திறந்துவிட்டது. ஒரு நாட்டின் மரங்கள் தப்பின. அண்டை நாட்டின் மரங்கள் வீழ்ந்தன. அந்தப் பணம் துப்பாக்கி ஏந்தியோரைச் சேர்ந்தது.

நமது இலங்கையும் 1990இல் இயற்கைக் காடுகளில் மரம் தறிப்பதைத் தடைசெய்தது. அதனை நாம் வரவேற்கிறோம். ஆயினும் கட்டில், கதவு, கூரை ஆகியவற்றின் தேவை அத்தடையோடு நின்றுவிடவில்லை. இறக்குமதி மரமும் அத்தேவையை நிறைவு செய்கிறது. தன் காட்டைக் காப்பவன் பிறர் காட்டைத் தின்று காப்பானாயின், அதனை அறம் என்று எவ்வாறு கூறுவது?

‘வாங்குபவன் என்ன செய்வான்? போரில் வீடிழந்தவன் கதவின்றி உறங்குவதா?’ என்ற மறுப்பு எழும். நியாயமான மறுப்பே. குடிசைக்குக் கதவு தேடுவோனையும் மாளிகைக்குத் தேக்குத் தேடுவோனையும் ஒரே தராசில் நிறுத்துவது அறமாகாது. வாங்காதே என்ற வெறும் தடை, வெட்டுக்கூலிக்காரனின் அடுப்பையே முதலில் அணைக்கும் என்பதையும் நாம் மறத்தற்கில்லை. ஆனால் அறியாமை வேறு, அறிய மறுத்தல் வேறு. 2021 பெப்ரவரியில் மியன்மார் இராணுவம் மீண்டும் ஆட்சியைப் பறித்தது. அவ்வாண்டிலேயே அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் அந்நாட்டு அரச மர நிறுவனத்தின்மீது தடை விதித்தன. அதன் பின்னரும் தேக்கு அந்நாடுகளின் சந்தைகளை எட்டவே செய்தது. எவர் விற்றார், எவர் இடைநின்றார் என்று கேட்கும் வழக்கமில்லாத சந்தையில் தடை வெறும் காகிதமாகவே இருக்கும்.

விற்கும் கரையிலும் யாழ்ப்பாணம் நின்றதுண்டு. ஒல்லாந்தர் காலத்தில் நமது பனைமரம் சோழமண்டலக் கரைக்குக் கப்பலேறியது. ஆதலின் மரம் இழந்தோரின் நிலை நமக்கு அந்நியமன்று.

ஆசிரியரும் மாணவரும் மிகுந்த உடுவில் போன்ற ஊர்களிலிருந்து இக்கேள்வி எழுதல் வேண்டும். இறக்குமதியாகும் ஒவ்வொரு மரத்துண்டும் எந்தக் காட்டிலிருந்து, எவர் இசைவுடன், எந்தக் கூலிக்கு வெட்டப்பட்டது என்பதை அரசு வெளியிடக் கோருவோம். நம் மண்ணில் முதிர்ந்த பனைக்கும் வேம்புக்கும் பலாவுக்கும் நம் வீடுகளில் மதிப்பளிப்போம். ஒன்றைத் தறித்தால் பலவற்றை நடுவோம். கரேன் உழவனும் வலிகாமத்து உழவனும் ஒரே கணக்கின் இரு பக்கங்களில் நிற்பவர்கள். அக்கணக்கைத் திறந்து காட்டச் செய்வதே நம்முன் உள்ள பணியாகும்.