வராது, வரலை

1992 தொடக்கத்தில் ஒரு நாள், எங்கள் வீட்டு வேலைக்கு வந்துகொண்டிருந்த பெண் முழங்காலில் மஞ்சளும் சுண்ணாம்பும் பத்துப் போட்டு நொண்டிக்கொண்டு வந்தாள். அவள் ஊர் திருமயம் பக்கம். தினமும் பஸ் பிடித்துக் காரைக்குடி வருவாள். என்னாச்சு என்று கேட்டேன்.

"சைக்கிள் பழகுறேன் ஆச்சி."

"வருதா?"

"இன்னும் வரலை."

எனக்குச் சிரிப்பு வந்தது. "எனக்கெல்லாம் அது வராதுப்பா" என்றேன். சொன்னபோது அது வெறும் பேச்சு. முப்பது வருஷத்துக்கு மேலாகியும் அந்த இரண்டு சொற்களும் எனக்குள் அடுத்தடுத்து நிற்கின்றன.

'வரலை' என்பது முயன்று பார்த்தவள் பேச்சு. நேற்றுவரைக்குமான கணக்கு அது, நாளைக்கு மாறலாம். 'வராது' என்பது வருங்காலத்தையும் சேர்த்து அடைத்துவிடுகிற சொல். அந்த வாக்கியத்தில் 'நான்' எழுவாயாகக்கூட இல்லை, கவனித்தீர்களா? சைக்கிள்தான் வர மறுக்கிறது. நான் பாவம், சும்மா நிற்கிறேன்.

அப்போது புதுக்கோட்டை மாவட்டத்தில் நடந்ததைப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். செட்டிநாட்டு ஊர்களில் ஒரு பகுதி அந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. 1991-இல் அறிவொளி இயக்கம் அங்கே எழுத்தறிவைப் பரப்பத் தொடங்கியபோது, ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் பெண்கள் சைக்கிள் ஓட்டுவதையும் அதில் ஒரு பாடமாகச் சேர்த்தார். லட்சத்துக்கு மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் பழகியதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது ஆண்கள் சைக்கிளையே ஓட்டினார்கள். பிறகு பலருக்கு அதுவே பிடித்துப்போனது. முன்னால் இருக்கிற பாரில் பிள்ளையை உட்காரவைக்கலாம் இல்லையா!

தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் இதைக் கேட்டால், "பாருங்கள், தடை எல்லாம் மனசுக்குள்ளேதான்" என்பார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. 'சைக்கிள் ஏறினால் ஊர் பேசும்' என்று ஒரு பெண் நம்பினால் அது மனப்பிரமை அல்ல, சரியான கணிப்பு. ஊர் பேசத்தான் செய்தது, கேலியும் செய்தது. ஒருத்தி மட்டும் ஏறியிருந்தால் அவளைப் பற்றித்தான் பேச்சாக இருந்திருக்கும். தெருவுக்குப் பத்துப் பேர் ஏறியதும் யாரைப் பேசுவது என்று ஊருக்கே தெரியவில்லை. உண்மையாக இருந்த ஒரு நம்பிக்கை அப்படித்தான் பொய்யானது.

அமெரிக்கத் தத்துவவாதி வில்லியம் ஜேம்ஸ் ஒரு மலையேறியை உதாரணம் காட்டுவார். பள்ளத்தைத் தாண்டினால்தான் தப்பிக்கலாம் என்ற நிலை. முடியும் என்று நம்பினால் கால் உறுதியாகும், தாண்டிவிடுவான். சந்தேகப்பட்டால் அந்தச் சந்தேகமே அவனை விழவைக்கும். நல்ல உதாரணம்தான். ஆனால் அவன் தனி ஆள். எங்கள் வீட்டுப் பெண்ணுக்குப் பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி ஓடினாள், பக்கத்திலேயே இன்னொருத்தி விழுந்து எழுந்துகொண்டிருந்தாள். அவளுக்கு முதலில் நம்பிக்கை வந்து அப்புறம் சைக்கிள் வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. விழுந்ததுதான் முதலில்.

சரி, என் கதைக்கு வருகிறேன். என் வீட்டில் கொழுந்தனார்கள் ஓட்டுகிற சைக்கிள் இரண்டு இருந்தது. என்னை யாரும் தடுக்கவில்லை. மாமியார்கூட "வேணும்னா வளவுல ஓட்டிப் பாரேன்" என்று ஒரு முறை சொன்னார்கள். கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓட அந்தப் பெண்ணும் தயாராக இருந்தாள். வெளித்தடை என்று சொல்ல எதுவுமே இல்லை. அப்படியும் ஏறவில்லை.

பயம் என்றுதான் ரொம்ப காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். அது பயமே இல்லை. விழுவதில் வலி இருக்கிறது, அது பரவாயில்லை. என்னை 'ஆச்சி' என்று கூப்பிடுகிறவள் முன்னால் விழ வேண்டும், அவள் கைகொடுத்துத் தூக்கிவிட வேண்டும், அவளிடம் நான் பாடம் கேட்க வேண்டும். அதுதான் முடியவில்லை. என் 'வராது'வுக்குள் இருந்தது கௌரவம். பயம் என்று பெயர் வைத்தால் பார்க்கிறவர்கள் பரிதாபப்படுவார்கள், அதனால் அந்தப் பெயரையே வைத்துக்கொண்டேன்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. என் மகள் ஒன்பது வயதில் சைக்கிள் கேட்டபோது, "உனக்கு அதெல்லாம் வராது, கையைக் காலை உடைச்சுக்காதே" என்றேன். அக்கறையாகத்தான் சொன்னேன். அவள் இன்றைக்குப் பெங்களூரில் கார் லைசென்ஸ் வாங்கி வைத்துக்கொண்டு ஓட்டாமல் இருக்கிறாள். கேட்டால், "எனக்கு வராதும்மா" என்கிறாள். அவள் குரலில் என் வாக்கியம்.

போன தை மாதத்திலிருந்து ஸ்கூட்டர் பழகுகிறேன். ஐம்பத்தைந்து வயது. விடிகாலையில் எங்கள் தெருவில்தான். கோட்டை மாதிரி வீடுகள், முக்கால்வாசி பூட்டிக் கிடக்கின்றன. யார் பார்த்துவிடுவார்களோ என்று அன்று கூசினேனோ, அவர்களெல்லாம் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் போய்ப் பல வருஷமாயிற்று. இருப்பது ஒரு வாட்ச்மேன், அவரும் அந்த நேரத்தில் தூங்குவார். அப்படியும் மூன்றாவது வீட்டு முகப்பைக் கடக்கும்போது கண் தானாக மாடி ஜன்னலுக்குப் போகிறது, கால் தரையைத் தேடுகிறது. அந்த ஓரிடத்தில் இன்னும் வரலை.