திரையில் வராத வெள்ளிக்கிழமை

வத்தேகமயில் யூதக் குடும்பம் ஒன்று இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை. ஆனாலும் யூதரைப் பற்றி ஓர் அபிப்பிராயம் இல்லாத வீடு இங்கே அரிது. அதைத் தந்தது தொலைக்காட்சி. பெரிய வெள்ளியன்று போடும் இயேசு படத்தில் பிலாத்துவின் முன் கூச்சலிடும் கூட்டம். இரவுச் செய்தியில் துப்பாக்கியோடு நிற்கும் இஸ்ரேலியச் சிப்பாய். இப்போது பிள்ளைகள் பார்க்கும் நெட்ஃபிளிக்ஸ் தொடர்களில் கறுப்புத் தொப்பியும் காதோரச் சுருள்முடியும். உலகில் ஏறத்தாழ ஒன்றரைக் கோடி யூதர் வாழ்கிறார்கள். பாதிப் பேருக்கு மேல் இஸ்ரேலுக்கு வெளியே. அத்தனை பேரையும் இந்த மூன்று உருவங்களுக்குள் அடக்கிவிட்டோம்.

காஸாவின் அழிவைத் தொலைக்காட்சி காட்டத்தான் வேண்டும், இன்னும் அதிகமாகவே. ஆனால் ஓர் அரசின் போரைப் பார்த்து ஒரு மக்களின் வழிபாட்டையும் வீட்டையும் அறிந்துகொள்ள முடியாது.

மலையகத்தவரான எங்களுக்கு இது மற்றவர்களைவிட நன்றாகப் புரியும். இந்த மலைகளுக்கும் யூதருக்கும் பழைய தொடர்பு ஒன்று உண்டு. புசல்லாவையில் ரொத்சைல்ட் தோட்டம் இருக்கிறது. ரொத்சைல்ட் குடும்பத்தின் மகள் வழிப் பேரனான மொரிஸ் டி வோர்ம்ஸ், 1841இல் சீனத் தேயிலைச் செடிகளை அங்கே நட்டார். ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்டது அதற்குப் பிறகு, 1867இல்தான். அந்த யூதப் பெயரை முகவரியாகக் கொண்டு தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்திருக்கின்றன. தோட்டத் துரையான டி வோர்ம்ஸ் எந்த நாளில் ஓய்ந்திருந்தார், என்ன சொல்லி வணங்கினார் என்று தொழிலாளர் லயத்தில் இருந்தவர்கள் அறிய வழியில்லை. லயத்துக்குள் என்ன நடந்தது என்று துரைக்கும் தெரிந்திருக்காது.

யூதரைப் போலவே எங்களையும் தொலைக்காட்சி சில உருவங்களாகத்தான் காட்டுகிறது. முதுகில் கூடையோடு கொழுந்து எடுக்கும் பெண், சம்பளப் போராட்டம், மண்சரிவு. எல்லாம் உண்மைதான். ஆனால் காமன் கூத்துக்கு ஒரு தோட்டமே கண்விழிப்பதும், சாதாரண தரப் பரீட்சை எழுதும் பிள்ளைக்காக வீடே குரலைத் தாழ்த்துவதும் அதில் வருவதில்லை. தன் படத்தில் எது விடுபட்டது என்று அறிந்தவருக்கு, மற்றவரின் படத்திலும் அதுவே விடுபட்டிருக்கும் என்று எண்ணிப் பார்க்கும் கடமை இருக்கிறது. துன்பம் எங்களுக்குத் தந்த அறிவு இதுதான் என்று நம்புகிறேன்.

2020இல் வந்த 'அன்ஓர்த்தடொக்ஸ்' தொடரில் ஓர் இளம் யூதப் பெண் நியூயோர்க்கில் தன் சமூகத்தின் சமயக் கட்டுப்பாட்டிலிருந்து பெர்லினுக்குத் தப்புகிறாள். டெபோரா ஃபெல்ட்மனின் தன்வரலாற்றைத் தழுவியது. அந்தப் பெண்ணின் வலியை மறுக்க எவருக்கும் உரிமையில்லை. ஆனால் அதை மட்டும் பார்த்தவருக்கு நம்பிக்கை என்பது ஓடித் தப்ப வேண்டிய இடமாகவே தெரியும். 2013இல் இஸ்ரேலில் தொடங்கிய 'ஷ்டிசெல்' என்னை வேறுவிதமாகத் தொட்டது. ஜெருசலேமில் ஒரு கடும் ஆசாரக் குடும்பம். மனைவியை இழந்த தகப்பன், படம் வரைய ஆசைப்படும் மகன், பெண் பார்க்கும் படலங்கள். தண்ணீர் குடிக்குமுன் ஒருவர் துதியை முணுமுணுக்க, பக்கத்தில் இருப்பவர் 'ஆமென்' என்கிறார். அதை யாரும் விளக்குவதில்லை, கமராவும் அதற்காக நிற்பதில்லை. முதியோர் இல்லத்தில் இருக்கும் பாட்டி தொலைக்காட்சித் தொடரில் மூழ்கிவிட, அவளுடைய மகனான அந்தத் தகப்பன் கலங்குகிறார். தங்கள் வீட்டில் தொலைக்காட்சியே வைக்காத மக்களை உலகம் தொலைக்காட்சியில் பார்க்கிறது என்பதைத் தொடரே உணர்ந்திருக்கிறது போலும்.

யூத வீடுகளை உள்ளே இருந்து பார்த்தவர்கள் இந்த நாட்டிலேயே இருக்கிறார்கள். முதியோர் பராமரிப்பு வேலைக்காக இஸ்ரேலுக்குப் போன இலங்கையர் பலர். ஆசாரமான வீடுகளில் இறைச்சிக்கும் பாலுக்கும் பாத்திரங்கள் வேறு. வெள்ளி மாலை பொழுது சாய்ந்ததிலிருந்து சனி இரவுவரை ஓய்வுநாள் என்பதால் விளக்கின் சுவிட்சைத் தொடமாட்டார்கள். நேத்ரா தொலைக்காட்சியோ வசந்தம் தொலைக்காட்சியோ அந்தப் பராமரிப்புப் பணியாளர்களில் சிலரை அழைத்து ஒரு மணிநேரம் பேசவிடட்டும். குண்டுச் சத்தத்தைப் பற்றி மட்டும் கேட்டு அனுப்பிவிடாமல், வெள்ளிக்கிழமை அவர்கள் வேலை செய்த வீட்டில் என்ன சமைத்தார்கள், மேசையில் யார் யார் உட்கார்ந்தார்கள், அவர்கள் பராமரித்த கிழவி எதற்குச் சிரித்தாள் என்றும் கேட்கட்டும்.