மானமா, உயிரா?



வீட்டில் ஒருவர் மாத்திரைகளை அளவுக்கு மிஞ்சி விழுங்கிவிட்டார். மனக்கசப்பாலோ, முதியவரின் மறதியாலோ, பாலகனின் அறியாமையாலோ அது நேர்ந்திருக்கலாம். ஆஸ்பத்திரியில் வைத்தியர், "என்ன சாப்பிட்டார்?" என்று வினவுகிறார். குடும்ப மானத்தை முன்னிட்டு, "ஒன்றுமில்லை, பித்த மயக்கம்" என்று சொல்லலாமா?

"குற்றமற்ற நன்மை விளையுமானால் பொய்யும் மெய்க்குச் சமம் என்று வள்ளுவரே ஒப்புகிறாரே!" என்பீர்கள். மெய்தான். ஆனால் இந்தப் பொய்யால் நன்மை யாருக்கு? கட்டிலில் கிடப்பவருக்கு அன்று.

ஏனெனில் மாற்று மருந்து ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு. பூச்சிமருந்துகளில் ஒரு வகைக்கு அட்ரோபின். அபின் வகை மருந்துகளுக்கு நலாக்சோன். காய்ச்சலுக்கு நாம் வாங்கும் பாராசிட்டமாலுக்கு அசிட்டில்சிஸ்டீன். இவற்றில் பாராசிட்டமால் மிகவும் வஞ்சகமானது. முதல் நாள் ஆள் சுகமாயிருப்பதுபோலவே தோன்றும். ஈரல் கெட்டது பிறகே வெளிப்படும். 8 மணி நேரத்துக்குள் மாற்று மருந்து ஏறினால் ஈரல் பெரும்பாலும் தப்பிவிடும். பிந்தினாலும் பயன் உண்டு. நமது பொய் தின்பது அந்த மணி நேரங்களைத்தான்.

"போலீஸ் கேஸ் ஆகிவிடுமே!" என்று அநேகர் அஞ்சுகிறார்கள். காவல் நிலையத்துக்குத் தகவல் போகலாம். ஆயினும் 2018-இல் அமலுக்கு வந்த 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், உயிரை மாய்க்க முயன்றவரைக் கடும் மன அழுத்தத்துக்கு ஆளானவராகவே கருதுகிறது; தண்டிப்பதற்கு மாறாக, அவரைப் பராமரிப்பதை அரசின் கடமையாக்குகிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் பழைய 309-ஆம் பிரிவு இடம்பெறவில்லை. சட்டமே இரங்கும்போது சொந்த வீட்டார் இரங்க வேண்டாமா?

அப்படியானால் தெருவெல்லாம் பறைசாற்ற வேண்டுமா? வேண்டியதில்லை. உண்மையைக் கேட்க உரிமையுள்ளவர் வேறு, ஆவலால் கேட்பவர் வேறு. அண்டை வீட்டாரிடம் மௌனம் காப்பது பொய்யாகாது. வைத்தியரிடம் மறைப்பதோ உயிருக்கு எதிரான குற்றம்.

ஆகையால் இவற்றை மனதில் வையுங்கள். உப்புக் கரைசலோ புளிக் கரைசலோ புகட்டி வாந்தியெடுக்கச் செய்யாதீர்கள், அதுவே ஆபத்து. நினைவு தப்பியவரை இடப்பக்கமாய்ச் சாய்த்துக் கிடத்துங்கள்; வாயில் எதுவும் ஊற்றாதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள். மாத்திரை அட்டையையோ புட்டியையோ கையோடு கொண்டுபோய், என்ன, எவ்வளவு, எப்போது என்ற மூன்றையும் உள்ளபடி சொல்லுங்கள். திருமங்கலம் அரசு ஆஸ்பத்திரியானாலும், மதுரை இராசாசி ஆஸ்பத்திரியானாலும் அங்கே முதல் மருந்து உங்கள் வாய்ச்சொல்லே.

பிழைத்து வந்தவரிடம், "எங்கள் மானத்தை வாங்கிவிட்டாயே" என்று சொல்லாதீர்கள். அவர் மனதைத் திறக்க 14416 என்ற இலவச மனநல எண் இரவும் பகலும் உண்டு. அதற்கும் முன்னதாக, அவர் அருகே உட்கார்ந்து கேட்கும் காது ஒன்று வீட்டிலேயே இருக்கட்டும். போன மானம் நாளடைவில் திரும்பும். போன உயிரோ நம் வாசலுக்கு மீண்டும் வராது.